பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்துக்கு மதிப்பெண்: பல்கலைக்கழகங்களில் விதிமுறை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக் குழு உறுப்பினர்களுக்கும், தேர்வுப் பிரிவினருக்கும், துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் உள்ள மதிப்பெண் பட்டியல்களில் ஒரு வகை மாணவரைத் தேடிப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருக்கும். வகுப்பில் கூர்மையாகக் கேள்வி கேட்டவர் என்று ஆசிரியருக்கு நினைவிருக்கும். ஆனால் அசைன்மென்ட் கட்டங்களில் வரிசையாக ‘சமர்ப்பிக்கவில்லை’ என்றிருக்கும். ஒரு பருவத்தில் வகுப்பின் முதல் சிலரில் ஒருவராக இருந்தவர் அடுத்த பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றிருப்பார். ஆய்வேடு மட்டும் பாக்கி என்று ஆண்டுக்கணக்கில் பட்டம் வாங்காமல் நிற்கிறவர்களும் இந்த வரிசையில் வருவார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு மிகை இயக்கக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பணக் கஷ்டம், வீட்டுச் சிக்கல், மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கோளாறு உள்ள ஒருவர் பல்கலைக்கழகத்தில் சறுக்கினால், பெரும்பாலும் இப்படித்தான் சறுக்குவார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் மதிப்பெண் போடுவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் இன்னொன்றுக்கும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறீர்கள். பத்து வாரம் தள்ளியிருக்கும் வேலையை இன்றைக்கே தொடங்குவது, அதைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, நான்கைந்து பாடங்களின் தேதிகளை மறக்காமல் வைத்திருப்பது, பாதியில் நின்றதை மறுபடி எடுப்பது, முடித்ததை உரிய இடத்தில் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இவற்றை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தருவதில்லை. இதில் தோற்றவர் வேதியியலில் தோற்றதாகத்தான் சான்றிதழில் பதிவாகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். எனக்கும் இந்தக் கோளாறு உண்டு. பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவர் கண்டுபிடித்தார்.

‘இதெல்லாம் ஃபோன் வந்த பிறகு வந்த நோய்’ என்று கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் கவனம் நிலைகொள்ளாத தன்மையைப் பற்றி எழுதியது 1798இல். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் விரிவுரை நிகழ்த்தியது 1902இல். ஃபோன் எல்லோருடைய கவனத்தையும்தான் கெடுக்கிறது, சரி. அதற்காக இருநூறு ஆண்டுப் பழைய விஷயத்தை நேற்று முளைத்ததாக்க முடியாது. குழந்தைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதத்தினருக்கும் இது இருப்பதாக உலகளவிலான மதிப்பீடுகள் சொல்கின்றன. இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள்.

நான் மேலே அடுக்கிய வேலைகளெல்லாம் உளவியலாளர்கள் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று சொல்லும் நிர்வாகத் திறன்களைச் சேர்ந்தவை. திடீரென்று எழும் உந்துதலை அடக்குவது, ஒரு செய்தியை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவை இதன் அடிப்படைகள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இதில் பெரும் பங்கு வகிக்கிறது. அந்தப் பகுதி யாருக்குமே இருபதுகளின் நடுப்பகுதி வரை முழுதாக முதிர்வதில்லை. 2007இல் ஃபிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட மூளைப் பட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூளையின் வெளி அடுக்கான புறணியின் பாதிப் பகுதிகள் தடிமனின் உச்சத்தை எட்டிய வயது மற்றக் குழந்தைகளுக்கு 7.5, ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கு 10.5. பதினெட்டு வயதில் உங்கள் வாசலுக்கு வரும் ஒருவரிடம் இந்த வித்தியாசம் அப்படியே மூன்றாண்டாக இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் சோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறையாவது படிக்கலாம்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் 1997இல் இந்தக் கோளாறை நிர்வாகத் திறன்களோடு இணைத்து ஒரு கோட்பாடு எழுதினார். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்ய முடியாததுதான் சிக்கல் என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். பல்கலைக்கழகங்கள் இன்னும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர் தடுமாறினால் நீங்கள் ஏற்பாடு செய்வது நேர மேலாண்மை பற்றி இரண்டு மணி நேரச் சொற்பொழிவு. அங்கே சொல்லப்படும் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டால் உங்களுக்கே அழகாக எடுத்துச் சொல்வார்.

பள்ளியில் இது வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. எழுப்பிவிட ஒருவர், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்க ஒருவர், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று பலகையில் எழுதிப்போட ஒருவர் என்று திட்டமிடும் வேலையைச் சுற்றியிருந்த பெரியவர்களே பார்த்துக்கொண்டார்கள். புத்திசாலியாகவும் இருந்துவிட்டால், முந்தின இரவுப் படிப்பிலேயே ஒருவர் பள்ளிப் படிப்பைத் தாண்டிவிடலாம். பல்கலைக்கழகத்தில் நுழைந்த வாரத்திலேயே அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் சும்மா கிடக்கிறது. ஒரு பாடத்தின் கெடு இணையதளத்தில் இருக்கிறது, இன்னொன்றின் கெடு வாட்ஸ்அப் குழுவில் எங்கோ மேலே போய்விட்டது, மூன்றாவதை வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் வாயால் சொன்னார்.

‘உண்மையிலேயே இருந்திருந்தால் பள்ளியிலேயே தெரிந்திருக்குமே?’ என்று கேட்கிறார்கள். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன் இருந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த வயதிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. முந்தைய பதிப்பில் அந்த வரம்பு 7 வயதாக இருந்தது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றும் டிஎஸ்எம்-5இல்தான் மாற்றினார்கள். ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பையன் கண்ணில் பட்டுவிடுகிறான். ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து வேறெங்கோ இருக்கும் பெண் கண்ணில் படுவதில்லை. பெண்களுக்குத் தாமதமாகவே தெரியவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்குள் ‘நன்றாகப் படிப்பாள், ஆனால் பொறுப்பு போதாது’ என்ற பெயர் நிலைத்துவிடுகிறது.

ஆசிரியர்களை அதிகம் குழப்புவது இந்தக் கோளாறில் உள்ள ஏற்ற இறக்கம். நேற்று மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டு முடித்தவரால் இன்று ஒரு பத்தி படிக்க முடியவில்லை. கடைசி மூன்று இரவில் ஒரு முழுக் கட்டுரையை எழுதிக் கொடுத்தவர், ஒரு பக்கப் படிவத்தை மூன்று மாதமாக நிரப்பாமல் வைத்திருக்கிறார். இதைப் பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? முடிகிறது, மனசுதான் இல்லை என்றுதான். மாணவரும் தன்னைப் பற்றி அதே முடிவுக்கு வந்துவிடுகிறார் என்பதுதான் இதில் கொடுமை. ஆனால் திரையில் ஒரு குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொல்லும் எளிய சோதனைகளிலேயே இந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது. ஏடிஎச்டி உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே மற்றவர்களைவிட அதிகமாக மாறும். பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கும் முடிவு இது. பொத்தானை அழுத்துவதில் யாருக்கும் பொறுப்பின்மையைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. அதனால், ஒரு நாள் நன்றாகச் செய்தார் என்பதை அடுத்த நாள் அவருக்கு எதிரான சாட்சியாக வைக்காதீர்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தள்ளியிருக்கும் பரிசின் மதிப்பு எல்லோருக்குமே குறைந்துதான் தெரியும். இவர்களுக்கு அது இன்னும் வேகமாகக் குறைகிறது. பருவ முடிவில் கிடைக்கப்போகும் மதிப்பெண் இன்றைய மாலையில் எந்த இழுவிசையும் இல்லாத ஒரு செய்தி. கெடு மிக அருகில் வந்து பயம் பிடித்த பிறகே வேலை தொடங்குகிறது. பயத்தால் வேலை செய்து பழகியவருக்குத் தூக்கம், உடம்பு, நட்பு என்று ஒவ்வொன்றாகப் போகும். பதற்றமும் மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம் காணப்படுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

‘ஒரு டைரி வாங்கிக்கொள்’ என்பார்கள். வாங்கியிருப்பார். நாலைந்து இருக்கும், எல்லாவற்றிலும் முதல் பதினைந்து பக்கம் மட்டும் எழுதியிருக்கும். டைரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எதில் எழுதி வைப்பது?

சரி, எது உதவும்? பெரியவர்களுக்கான நடத்தைச் சிகிச்சை முறைகள் பயன் தருவதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. மேரி சொலான்டோ பலரைக் குழுவாக வைத்தும், ஸ்டீவன் சஃப்ரன் ஒவ்வொருவரையும் தனியாக வைத்தும் நடத்தி, 2010இல் முடிவுகளை வெளியிட்ட சிகிச்சைகள் அவற்றில் குறிப்பிடத் தக்கவை. இரண்டும் பன்னிரண்டு அமர்வுகள் கொண்டவை. வேலையைத் துண்டாக்குவது, நேரத்தைக் கணிப்பது, தொடங்க முடியாதபோது என்ன செய்வது என்று வாரா வாரம் பழகி, வீட்டில் செய்து பார்த்து, மறுவாரம் வந்து பேசியிருக்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ வகைத் திட்டமும் கைகொடுக்கும். ‘இன்று மாலை ஆய்வேடு எழுதுவேன்’ என்பது வெறும் ஆசை. ‘நூலகத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்ததும் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் எழுதுவேன்’ என்றால், அந்த இடமே வேலையை ஞாபகப்படுத்தும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, உதவி வேலை நடக்கிற இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது என்பது. உங்கள் ஆலோசனை மையம் வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்திக் கணக்கை முடித்துக்கொள்கிறது என்றால், அந்தச் செலவில் வாரத்தில் மூன்று மாலை ஒரு அறையைத் திறந்து, மேற்பார்வைக்கு ஒருவரை உட்கார வைத்து, மாணவர்கள் அவரவர் வேலையைச் சேர்ந்து உட்கார்ந்து செய்ய விடலாம். பக்கத்தில் இன்னொருவர் வேலை செய்துகொண்டிருந்தாலே தொடங்க முடிகிறது என்று ஏடிஎச்டி உள்ளவர்கள் பலரும் சொல்வார்கள்.

அப்புறம், சலுகை பெறும் வழி. மருத்துவச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முன்பதிவு, காத்திருப்பு, பழைய பள்ளி ஆவணங்கள். சான்று வந்ததும் விண்ணப்பம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அந்தக் கடிதத்தை ஒவ்வொரு ஆசிரியரிடமும் மாணவரே நேரில் காட்ட வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் இத்தனை நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அடுத்த பருவத்தில் எல்லாம் முதலிலிருந்து. தொடங்குவது, நினைவில் வைப்பது, தொடர்ந்து செய்வது ஆகிய மூன்றிலும் குறைபாடு இருக்கிறது என்று நிரூபிக்க இந்த மூன்றிலும் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. நீந்தத் தெரியாதவரிடம், மறுகரைக்கு வந்து மிதவையை வாங்கிக்கொள் என்பதுபோல இருக்கிறது இது. வாழ்நாள் முழுக்க நீடிக்கக்கூடிய ஒரு கோளாறுக்கு ஒவ்வொரு பருவமும் புதுச் சான்று கேட்பது யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனையும் தாண்டி வந்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது தேர்வறையில் கூடுதல் நேரம். அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு அது மிகவும் தேவை. தனி அறை அதைவிட உதவலாம். ஆனால் ஏடிஎச்டிக்குக் கூடுதல் நேரம் மட்டும் எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. காரணம் எளிது. இவர்களில் பலர் தோற்பது தேர்வறையின் மூன்று மணி நேரத்தில் இல்லை. அதற்கு முந்தைய பதினான்கு வாரத்தில். அந்த வாரங்களைப் பற்றி உங்கள் விதிமுறை எதுவும் பேசுவதில்லை.

‘மற்ற மாணவர்களுக்கு இது அநியாயம் இல்லையா? நடித்து ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது?’ நியாயமான கேள்விதான், மழுப்ப விரும்பவில்லை. அறிகுறிகளைக் கேள்வித்தாளில் மிகைப்படுத்திச் சொல்ல முடியும். சிலர் சொல்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு இன்னும் இரண்டு சான்றிதழ் கேட்பது என்று நினைத்தால், நடிக்கிறவர் அந்த இரண்டையும் நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார், உண்மையில் கோளாறு உள்ளவர்தான் வெளியே நிற்பார். சான்றே கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாகச் செய்யக்கூடிய மாற்றங்களில் ஏமாற்ற எதுவும் இல்லை. எல்லாப் பாடங்களின் எல்லாத் தேதிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பருவ முடிவில் ஒரே கெடு உள்ள வேலைக்கு மூன்றாம், ஆறாம், பத்தாம் வாரங்களிலும் சிறு கெடுவும் சிறு மதிப்பெண்ணும் வைத்தால், எல்லா மாணவரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். திருத்துகிற எங்களுக்கும் கடைசி வாரத்தில் மூச்சு முட்டாது.

‘வெளியுலகம் இதையெல்லாம் கொடுக்காது’ என்பதும் வழக்கமாகக் கேட்கும் வாதம். வேலை செய்கிற இடங்களில் வாராந்தரக் கூட்டம் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், நாட்காட்டி தானே நினைவூட்டுகிறது. பதினான்கு வாரம் யாரும் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டு, கடைசி நாள் நள்ளிரவில் வந்து முடித்தாயா என்று கேட்கும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. மேலும் இது கருணை சார்ந்த விஷயமும் இல்லை. 2006இல் ஐநா பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதரச் சொல்கிறது. அதை மறுப்பது பாகுபாட்டில் அடங்கும் என்கிறது 2ஆம் பிரிவு.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மெத்தில்ஃபெனிடேட் 1950களிலிருந்தே சந்தையில் இருக்கும் மருந்து. பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதன் வேலை சில மணி நேரம்தான், அந்த நேரத்தில் எதில் கவனத்தை வைப்பது என்பதை அது முடிவு செய்யாது. சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. மருந்து சாப்பிடுகிறாயா என்று மாணவரிடம் கேட்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. தேர்வு நேரத்தில் நண்பரிடம் மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து என்பதை மட்டும் விடுதிகளில் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் அதிகம் யோசித்திருக்காத இன்னொன்று, தவறவிட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது. ஒரு கெடு போனதும் வெட்கம் வருகிறது. அந்த ஆசிரியரின் வகுப்புக்குப் போகக் கூச்சம். போகாததால் அடுத்த கெடுவும் தெரியாமல் போகிறது. பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறக்கவே பயம், அதனால் திறப்பதில்லை. அதில்தான் நீங்கள் அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் கிடக்கின்றன. ‘மூன்று முறை அறிவித்தும் பதில் இல்லை’ என்று கோப்பில் எழுதி மூடிவிடுகிறீர்கள். அந்த முதல் மின்னஞ்சல் ‘விதி 7இன்படி தங்கள் மீது’ என்று தொடங்காமல், ‘இரண்டாம் அசைன்மென்ட் வரவில்லை. பாதி எழுதியிருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம். இந்த எண்ணில் இன்னாரிடம் பேசலாம்’ என்று இருக்கட்டும். தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு மதிப்பெண் என்று கழியுங்கள், அது நியாயம். ஒரு நிமிடம் தாண்டினால் பூஜ்யம் என்றால், அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு அந்த வேலையை முடிக்க மாணவருக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

வரும் கல்வியாண்டுக்கான விதிமுறைகளை நீங்கள் திருத்தும்போது நான் கேட்பது இவ்வளவுதான். ஒருமுறை ஏற்கப்பட்ட சலுகை படிப்பு முடியும்வரை தானாகவே தொடரட்டும். ஆசிரியர்களுக்குத் தெரிவிப்பதை அலுவலகம் செய்யட்டும். எழுத்தில் வராத கெடு கெடுவே இல்லை என்று ஒரு வரி சேருங்கள். இடைக் கெடு இல்லாத ஆய்வேட்டுப் பாடத்தைக் கல்விக் குழு அங்கீகரிக்காமல் இருக்கட்டும். இவற்றுக்கு மருத்துவரும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால் ஆய்வேட்டிலிருந்து தொடங்குங்கள். பட்டத்தின் வாசல் வரை வந்தவர்கள் திரும்பிப் போவது அங்கேதான். இப்போது பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் தேர்வுப் பிரிவில் இருக்கும். அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அடுத்த இரண்டு வாரத்தில் எந்த அத்தியாயத்தை யாரிடம் காட்டுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவராகப் பாடம் நடத்திவரும் ஓர் ஆசிரியர்